கோட்டை வாசலில் நின்ற வரிசை

போன மாதம் திருப்பத்தூரில் ஒரு மண்டபம் பிடித்து, நம்மோடு படித்தவர்களெல்லாம் கூடினோமே, அன்றைக்கு உங்களில் ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டு, எத்தனையோ ஊர் சுற்றினாலும் நம் ஹெட்மாஸ்டர் கூட்டிப்போன அந்தக் கோட்டைச் சுற்றுலாவுக்கு ஈடாகாது என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிரியாணியில் ஒரு குறையும் இல்லை.

தலை நரைத்து, பல் விழுந்து, ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தோம். இந்த வயதிலாவது ஒருவர் வாயிலிருந்து நடந்தது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டுக்குப் பக்கத்தில், விடுதியோடு சேர்ந்த பள்ளி அது. எழுபதுகளின் கடைசி. பையன்களுக்கு நீளமான ஓட்டுக் கொட்டகை. விரல்விட்டு எண்ணும்படி இருந்த பெண் பிள்ளைகளுக்குச் சமையல்கட்டை ஒட்டிய ஓர் அறை. இரவெல்லாம் புகையும் கோதுமைக் கஞ்சி தீய்ந்த வாசனையும் சுவரில் ஒட்டியிருக்கும். என்னோடு ஒரே பாயில் படுத்தவள் என் அத்தை மகள். என் அப்பாவின் தங்கை பெண். இரண்டு பேரும் எட்டாவது. ஒரு பாடத்தை இரண்டு தரம் கேட்டால் போதும், கமா புள்ளி கூட விடாமல் திருப்பிச் சொல்லிவிடுவாள். அவள் சொல்லும்போது வாத்தியார்களே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஹெட்மாஸ்டர் கீழே திருப்பத்தூரில் குடும்பம் வைத்திருந்தார். சனிக்கிழமை புளி மூட்டை ஏற்றும் ஜீப்பில் இறங்கிப் போய், திங்கட்கிழமை ஏறி வருவார். கைக்குட்டையில் எப்போதும் யூடிகோலன் சென்ட் தெளித்திருக்கும். நம்மில் யாராவது நோட்டைக் காட்டக் கிட்டே போனால் அந்தக் கைக்குட்டை மூக்குக்குப் போகும். ஆனால் படம் போடுவதில் அவரைப் போல ஆள் கிடையாது. பொங்கல் கழிந்த ஒரு நாள், கரும்பலகை முழுக்கக் கலர் சாக்பீசால் ஒரு கோட்டை வரைந்தார். சுற்றிலும் நீலமாய் அகழி. அதில் வாயைத் திறந்தபடி முதலைகள்.

"எதிரி மதில் ஏற வந்தா வழுக்கி நேரா இதுங்க வாயிலதான் வுழணும்" என்றார்.

அந்தப் படத்தை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை. கணக்கு வாத்தியார் ஓர் ஓரத்தில் இடம் பார்த்துக் கணக்குப் போட்டார். நான் சாப்பாட்டு மணி அடித்ததும் தனியாக வந்து, விரலால் அந்த நீலத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டதுண்டு. அவ்வளவு மயக்கம்.

"ஒரு சுற்றுலா வெற்றியா நடக்கணும்னா திட்டம் வேணும்" என்று அவர் ஆரம்பித்தார். வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போய், அவர்கள் ஹெட்மாஸ்டருக்கு நல்ல பேர் கிடைத்ததாம். நாம் போகும் அன்றைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் கோட்டைக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாராம். "மலப் புள்ளைங்கன்னு எவனும் மூக்கப் புடிக்கக் கூடாது. இன்னா?"

"சரிங்க சார்" என்று கத்தினோம்.

அன்றிலிருந்து நம்மை மோந்து பார்ப்பது தொடங்கியது. உங்களுக்கு நினைவில்லையா? காலையில் வரிசையில் நிறுத்தி, கைக்குட்டையை ஒரு கணம் விலக்கி, ஒவ்வொரு தலைக்கும் மேலே குனிந்து மோந்து பார்ப்பார். "ஆட்டு நாத்தம். போ, திரும்பக் குளி" என்பார். சிவப்பு சோப்புக் கட்டியை நூலால் அறுத்துத் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். அந்தக் குளிரில், கிணற்றுத் தண்ணீரில், ஒரே காலையில் இரண்டு முறை குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க நின்றிருக்கிறோம். அது புளி உலுக்கும் பருவம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கையெல்லாம் புளிக்கறையாக இருக்கும். சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தோல் எரியத் தேய்க்க வைத்தார். எங்கள் வீட்டுப் புளியைத் தொட்ட கையை நானே அருவருப்பாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வாசனை இருக்கிறதென்றே தெரியாது.

பிறகு செருப்பு. வெறுங்காலோடு கோட்டைக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. என் அப்பா திருப்பத்தூர்ச் சந்தையில் எனக்கும் அத்தை மகளுக்கும் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். வார் புதுசில் கடித்து, விரலிடுக்கில் புண் வைத்து, சீழ் கோத்தது. அதோடு வரிசையாக நடந்து பழகினோம்.

பெண் பிள்ளைகளுக்கு ஜீப்பில் ஒத்திகை ஒன்று நடந்தது. மலைப் பிள்ளைகள் வண்டி ஏறினால் வாந்தி எடுப்பார்கள், அதிலும் பெண் பிள்ளைகள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். எங்களை அந்தப் புளி ஜீப்பில் ஏற்றி, முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் வரை இறக்கித் திரும்பக் கொண்டுவந்தார். ஏறுவதற்கு முன் அத்தை மகள் உப்பு சேர்த்து உருட்டிய புளி உருண்டை ஒன்றை வாயில் அடக்கியிருந்தாள். குமட்டலுக்கு எங்கள் வீடுகளில் அதுதான். "த்தூ, துப்பு அத" என்று அவர் துப்பவைத்தார். மூன்றாவது வளைவில் அவள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து நான். ஹெட்மாஸ்டர் முன் இருக்கையில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

அன்று மாலை அவர் கண்டுபிடித்த வழி இது: சுற்றுலாவுக்கு முந்தின இரவிலிருந்து பெண் பிள்ளைகளுக்குச் சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

சமையல்கார அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "இன்னா சார் இது? பச்சப் புள்ளைங்க. வெறும் வவுத்தோட அவ்ளோ தூரம் எப்பிடி சார் போவும்?"

"வவுத்துல ஒண்ணும் இல்லன்னா வெளிய வர்றதுக்கு இன்னா இருக்குது?" என்று சிரித்தார் அவர். தன் யோசனையில் அவருக்கே ஒரு பூரிப்பு.

"அப்ப நானாச்சும் கூட வர்றேன் சார். பொண்ணுங்கள யாரு பாத்துப்பாங்க?"

"எங்க வூட்டுல வர்றாங்க. நீ இங்க பாத்திரத்தப் பாரு."

யார் எந்த இருக்கை, எந்தக் கேள்விக்கு எவன் எழுந்து பதில் சொல்வது, வரிசையில் கை வீசும் உயரம் எவ்வளவு, அதிகாரிக்கு மாலை போடுவது யார் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் திட்டம் இருந்தது. பெண் பிள்ளைகள் எங்கே ஒதுங்குவார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. ஒதுங்கவே தேவையில்லாதபடி செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

விடியும்போது ஜீப் நடை நடையாக நம்மை அடிவாரத்தில் இறக்கியது. அங்கே வாடகை பஸ் நின்றது. திருப்பத்தூரில் ஹெட்மாஸ்டரின் மனைவியும் இரண்டு மகன்களும் ஏறி முன்னிருக்கைகளில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் மாம்பழ நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. புடவைத் தலைப்பு மூக்கின் மேலேயே இருந்தது. இவரும் அதே கைக்குட்டை ஜாதிதான் என்று நான் முடிவு கட்டினேன்.

ஊர் தாண்டியதும் அவர்கள் தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லியின் வாசனை பஸ் முழுக்கப் பரவியது. ஹெட்மாஸ்டர் சாப்பிட்டார். மகன்கள் சாப்பிட்டு, விரலை நக்கி, ஏப்பம் விட்டார்கள். அந்த அம்மாளிடம் நீட்டியபோது "எனக்கு வேணாங்க" என்றார். தண்ணீர்கூடத் தொடவில்லை. மலைப் பிள்ளைகள் இருக்கும் பஸ்ஸில் சாப்பிடக் கூசுகிறது போல என்று நினைத்தேன். பின் இருக்கையில் என் அத்தை மகள் வாயில் கை வைத்துக் குனிந்திருந்தாள். வெளியே வந்தது மஞ்சளாய் இரண்டு சொட்டுப் பித்தம்தான். ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, ஒருத்தியும் வாந்தி எடுக்கல" என்றார் வாத்தியார்களிடம்.

வழியில் என்ஜின் சூடாகி நின்றது. டிரைவர் தகர டின்னில் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு நிமிர்ந்தவர், ஜன்னலில் எங்கள் முகங்களைப் பார்த்தார். "இன்னாம்மா, ஒதடு காஞ்சு கெடக்குது? இந்தா, குடிங்க" என்று மிச்சத்தை நீட்டினார். ஹெட்மாஸ்டர் கீழே நின்று அதிகாரியைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். துருவும் டீசலும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். நாங்கள் மாடு குடிப்பதுபோல் குடித்தோம். அத்தை மகள் இரண்டு முறை வாங்கிக் குடித்தாள்.

கோட்டையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. நீல அகழியைத் தேடி நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாசி தோல் கட்டிப்போய்க் கிடந்தது. ஓட்டல் எச்சில் இலைகள் அதன்மேல் ஒட்டியிருந்தன. வயிறு ஊதிய நாய் ஒன்று நான்கு கால்களையும் தூக்கிக்கொண்டு மிதந்தது. அதன் கண்ணில் ஈ. ஊரின் சாக்கடை ஒன்று ஓரமாக வந்து அதில் கொட்டிக்கொண்டிருந்தது. நம்மை மோந்து மோந்து பார்த்துச் சோப்புப் போட வைத்து, கடைசியில் இதைப் பார்க்கத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள்.

அதிகாரி இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் வரிசை. நிழலுக்குப் போகக் கூடாது, வரிசை கலையும். நெடுநேரம் நின்றோம். பையன்கள் நெளிய ஆரம்பித்ததும் ஹெட்மாஸ்டர், "ரெண்டு ரெண்டு பேரா மதில் ஓரமா போய்ட்டு வாங்கடா" என்றார். போனீர்கள். வந்தீர்கள்.

அத்தை மகள் கையைத் தூக்கினாள். "சார், ஒண்ணுக்குப் போவணும் சார்."

"பொம்பளப் புள்ள, அடக்கிக்க. தண்ணியே குடிக்காதப்ப எங்கேர்ந்து வருது?"

அவர் கோட்டைக்குள் இருக்கும் கோயில் பக்கம் போனதும் நான் அவளை இழுத்துக்கொண்டு மதிலுக்குள் இருந்த இருட்டறை ஒன்றுக்குள் ஓடினேன். காலம் காலமாகச் சிப்பாய்கள் இருந்த அறைகள் என்று பாடத்தில் படித்தது. உள்ளே கால் வைத்ததும் கண் எரிந்தது. ஊர் மொத்தமும் அங்கேதான் வந்து போயிருந்தது. காய்ந்தது, காயாதது, வௌவால் எச்சம், பீடித் துண்டு. என் புதுச் செருப்பு ஒன்று எதிலோ அமுங்கிச் சிக்கிக்கொண்டது. மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன் தலையைத் தூக்கி, "வா பாப்பா, ஏன் நிக்கிற, நாங்க பாக்க மாட்டோம்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

திரும்பி வரிசையில் நிற்பதற்கும் அதிகாரியின் கார் வருவதற்கும் சரியாக இருந்தது. மாலை, வணக்கம், பாட்டு. பிறகு ஹெட்மாஸ்டர் அத்தை மகளை முன்னால் அழைத்தார். கோட்டையின் வரலாறு அவள் ஒப்பிக்க வேண்டியது. அவள் என்னைப் பார்த்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. முன்னால் போனாள்.

கட்டியவர்களைப் பற்றிச் சொன்னாள். பிடித்தவர்களைப் பற்றிச் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. அங்கே சிறை இருந்தவர்களைப் பற்றி ஆரம்பித்தபோது, அவள் பாவாடைக்குக் கீழே கல் தரை நனைய ஆரம்பித்தது. ஈரம் பரவி அதிகாரியின் பூட்ஸை நோக்கிப் போனது. அவர் ஓர் அடி பின்னால் வைத்து மூக்கைப் பிடித்தார். ஹெட்மாஸ்டர் "சீ!" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். முதலில் ஒருவன், அப்புறம் வரிசை முழுக்க. மைக் பிடித்தாரே, அவரும்தான்.

அவள் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, ஒரு வார்த்தை தடுக்காமல் கடைசி வரை சொல்லி, "என்று கூறி என் உரையை முடிக்கிறேன், வணக்கம்" என்று கை கூப்பினாள்.

"மன்னிக்கணும் சார்" என்று குழைந்தார் ஹெட்மாஸ்டர். "காட்டுலயே வளந்ததுங்க. எடம் தெரியாது."

"பரவால்ல, போகப் போகப் பழகிடும்" என்றார் அதிகாரி. "அந்தப் பொண்ண ஓரமா நிறுத்திட்டு போட்டோ எடுத்துரலாம்."

எங்களில் சின்னவள், ஆறாவது படித்தவள், என் தாவணியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "யக்கா, எனக்கும் முடியல யக்கா."

எனக்குள் என்ன நடந்ததென்று இன்றைக்கும் தெரியாது. வரிசையை விட்டு வெளியே வந்தேன். "வாங்கடி எல்லாரும்" என்றேன். வந்தார்கள். எதிரே கம்பி வேலி போட்டு, பூச்செடி வைத்து, யாரும் மிதிக்கக் கூடாது என்று பலகை நட்ட புல்வெளி. அதன் நடுவில் போய், வெளிப்பக்கம் பார்த்து வட்டமாக நின்று, தோளோடு தோள் ஒட்டி, பாவாடையை இருபுறமும் விரித்துப் பிடித்துக்கொண்டோம். சின்னவள் முதலில் உள்ளே போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக. அத்தை மகளையும் நடுவில் விட்டு மறைத்துக்கொண்டோம். நான் ஹெட்மாஸ்டரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடியேய்! இன்னா பண்றீங்க அங்க? அசிங்கம் புடிச்ச ஜென்மங்களா! வெளிய வாங்கடி!" அவர் கத்திக்கொண்டே வந்தார். நாங்கள் அசையவில்லை. அவர் கை ஓங்கி என் முன்னால் வந்து நின்றபோது, அவருக்குப் பின்னாலிருந்து பட்டுப் புடவை சரசரத்தது.

அவர் மனைவி. முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. கணவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம், "கொஞ்சம் நகரும்மா" என்றார். "காலையில எழுந்ததுலேர்ந்து அடக்கிக்கினு இருக்கேன்."

நான் நகர்ந்தேன். அந்த அம்மாள் உள்ளே வந்தார். வட்டம் மூடிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இட்லி வேண்டாம் என்றதும், தண்ணீர் தொடாததும், வெறும் வயிற்றுக் குமட்டலில் தலைப்பை மூக்கோடும் வாயோடும் அழுத்தி வந்ததும் எங்களால் அல்ல. போகுமிடத்தில் பெண்ணுக்கு ஒதுங்க இடமிருக்காது என்று அவருக்கு முன்பே தெரியும். எங்களைப் பட்டினி போட்டதுபோல் அவரை யாரும் போடவில்லை, அவரே போட்டுக்கொண்டிருந்தார்.

ஹெட்மாஸ்டரின் கை இறங்கியது. அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வேகமாகப் பையன்களிடம் போனார். மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினீர்களே, அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். அதில் ஒரு பெண் பிள்ளையும் இல்லை. ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வட்டத்துக்குள் அந்த அம்மாள் திரும்பும்போது மாற்றிக்கொள்ளத் தன் பையில் வைத்திருந்த நூல் புடவையை எடுத்து, அத்தை மகளுக்குத் தானே சுற்றிவிட்டார். நனைந்த பாவாடையைப் பிழிந்து, மடித்து, தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மூக்கைப் பிடிக்கவில்லை. அவள் கன்னத்தைத் துடைக்கும்போது, "நல்லா சொன்ன கண்ணு. எல்லாத்தையும் சொல்லிட்டியே" என்றார்.

திரும்பும்போது அவர் முன்னிருக்கைக்குப் போகவில்லை. எங்களோடு பின்னால் உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் வண்டியை ஒரு புதர்க்காட்டு ஓரம் நிறுத்தச் சொன்னார். "எதுக்கு?" என்றார் ஹெட்மாஸ்டர். "நிறுத்துங்க" என்றார் அந்த அம்மாள். டிரைவர் நிறுத்தினார்.

மறுநாள் காலை வழிபாட்டில் ஹெட்மாஸ்டர், சுற்றுலா மாபெரும் வெற்றி என்றார். கை தட்டச் சொன்னார். பையன்கள் தட்டினீர்கள். அந்த நேரம் அத்தை மகள் அறையில் காய்ச்சலோடு, ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் எரிகிறது என்று சுருண்டு கிடந்தாள். சமையல்கார அக்காதான் அவளைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த வாரம் அத்தை பள்ளிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. புளி உலுக்கிய கையோடு வாசலில் நின்று, ஹெட்மாஸ்டரைப் பெயர் சொல்லாமல், சார் என்றும் சொல்லாமல் கூப்பிட்டார்.

"எங்கூட்டு ஆட்டுக்குக்கூட வேள தவறாம தண்ணி காட்றேன். உங்கிட்ட வுட்ட புள்ளைக்குத் தண்ணி குடுக்காம இஸ்த்துக்கினு போனியா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். அத்தை அதைப் பார்த்தார். "மூக்க மூடிக்க. நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மகளின் டிரங்குப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பிறகு வரவில்லை. நம் வகுப்பில் முதலாவதாக வரவேண்டியவள் எட்டாவதோடு நின்றாள். ஹெட்மாஸ்டர் பெரிய பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். நாம் மேலே படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்று, மண்டபம் பிடித்துக் கை தட்டுகிறோம்.

மண்டபத்திலிருந்து எழுந்து வந்தேனே, மறுநாள் மலையேறி அவள் வீட்டுக்குத்தான் போனேன். முற்றத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பு அவளுக்கும் போயிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை, கேட்கவும் இல்லை. யார் யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று சொன்னேன். சுற்றுலாவைப் பற்றிப் பேசியதையும் கை தட்டியதையும் சொன்னேன். முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். உமி பறந்து அவள் நரைத்த முடியில் ஒட்டியது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தம்மா வந்திருந்தாங்களா?"

"இல்லடி. அவங்க தவறி ரொம்ப வருசம் ஆய்டுச்சாம்."

முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் சாமையைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு திரும்ப முறத்தை எடுத்தாள்.

"அப்ப அந்தக் கூட்டத்துல எனக்கு இன்னா வேல?" என்றாள்.